மூன்றில் இரண்டு பங்கு

"மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள், சார்?" அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்.

அவர்களுடைய சங்கத்தின் துணைவிதிகளைத் திருத்த அத்தனை வாக்குகள் வேண்டும் என்று முடிவு செய்தது, அவற்றை எழுதிக் கொடுத்த நான். ஆனால் அதைச் சொல்லவில்லை. "துணைவிதிகளில் இருக்கிறதே அம்மா, பொதுக்குழுவில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதுதானே" என்றேன். பொய்யில்லை. நாற்பது பக்க வரைவை ஒரே பிற்பகலில் படித்து, கைதூக்கி நிறைவேற்றினார்கள். அந்த விதியைப் பற்றித் தனியாக ஒருவரும் பேசவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

அன்று வாக்கெடுப்புக்கு வந்தது, நிர்வாகிகள் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்ற திருத்தம். வாக்களித்த 140 பேரில் 91 பேர் ஆதரித்தார்கள். 94 தேவை.

திடீரென்று திரண்டு வரும் ஒரு கூட்டம் சிறுபான்மையினரின் உரிமைகளைப் பறித்துவிடாமல் இருக்க ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றுதான் அந்த அளவை வைத்தேன். அந்த எண்ணம் தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அன்று அது காத்தது பதவியில் இருந்தவர்களை.

எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், குலுக்கல் முறையில் தேர்வான 160 குடிமக்கள் 2004இல் மாதக்கணக்கில் கூடிப் படித்து, விவாதித்து, புதிய தேர்தல் முறை ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். 2005 பொதுவாக்கெடுப்பில் 57.7 சதவீதம் பேர் ஆதரித்தும் அது நிறைவேறவில்லை. 60 வேண்டும் என்று அரசு முன்பே வரையறுத்திருந்தது. அதே மாகாணத்தில் 2001இல் 57.6 சதவீத வாக்குகள் ஒரு கட்சிக்கு 79 இடங்களில் 77ஐப் பெற்றுத் தந்திருந்தன. பயிற்சி வகுப்புகளில் இதைக் கோபத்தோடு சொல்லியிருக்கிறேன். அந்தத் துணைவிதிகளை எழுதுவதற்கு முன்பே சொல்லியிருக்கிறேன்.

உறுப்பினர் உரிமையைக் குறைக்க மூன்றில் இரண்டு பங்கு, நிர்வாகிகளின் அதிகாரத்தைக் குறைக்கச் சாதாரணப் பெரும்பான்மை என்று பிரித்து எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு திருத்தம் எந்த வகை என்று தீர்மானிப்பது யார்? அந்தத் தீர்மானத்துக்கு எத்தனை வாக்குகள்? எங்கே தொடங்கினாலும், வாக்கெடுப்புக்கு முன்பே ஏதோ ஒரு விதி இருந்தாக வேண்டும். அதை யாரோ ஒருவர் எழுதியாக வேண்டும். இப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேன். உடனே அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது. "நான்தான் எழுதினேன், மாற்றலாமா என்று பேசுவோம்" என்று சொல்லியிருக்கலாமே.

இப்போது இன்னொரு சங்கத்துக்கு வரைவு எழுதுகிறேன். அந்த இடத்தில் மட்டும் எண் போடாமல் அனுப்பினேன். "வழக்கமாகப் போடுவதையே போட்டுவிடட்டுமா?" என்று செயலாளர் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.