டைகர் டாங்கிக்கு உலோக அடிக்கூடு: சங்கிலித் தொய்வு

ரிமோட்டில் ஓடும் 1/16 அளவு டைகர் டாங்கி மாடலுக்கு உலோக அடிக்கூடும் உலோகச் சங்கிலியும் மாட்டுமுன் கியர்பாக்ஸைப் பாருங்கள். பிளாஸ்டிக் பல்சக்கரம் அந்த எடையில் சீக்கிரம் தேயும். சர்க்யூட் போர்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை மேல்கூட்டுக்குக் கொண்டுபோங்கள். உலோகத்துக்குள் சிக்னல் அடைபடும்.

பெரிய வேலை சங்கிலிதான். டைகரில் மேலே தாங்கும் உருளை கிடையாது. மேல்சரம் சாலைச் சக்கரங்கள் மீது லேசாகத் தொய்ந்து படியவேண்டும், அதுதான் அழகும். பின்னாலுள்ள ஐட்லரை (சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் சக்கரம்) இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்த்துங்கள். விறைப்பாக இழுத்தால் மோட்டார் சுடும். தொளதொளவென்றால் திருப்பத்தில் கழன்றுவிடும். ஐட்லர் கடைசிவரை போயும் தொய்வு தீரவில்லையா? கண்ணிகளைக் கோக்கும் ஊசியைத் தட்டி ஒரு கண்ணியை எடுங்கள்.

வளவில் ஆத்தங்குடிக் கல்மேல் ஓட்டிப் பார்த்தால் போதாது. காரைக்குடிச் செம்மண் சரளையில் பத்து நிமிடம் திருப்பித் திருப்பி ஓட்டுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் மட்டும் வேண்டாம். செம்மண் தூசி அதில் ஒட்டி ஊசிகளை அரைத்துவிடும்.