தைலம் விற்ற லேப்டாப்

செம்பூர் வீட்டில் அப்பா தமிழ்ச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு பெண்குரல் முழங்கால் தைலம் விற்க ஆரம்பித்தது.

"ஏம்மா, நான் எதையும் தொடலையே!"

மூட வேண்டிய பெருக்கல் குறி மூலையில் எள்ளளவு. அதுவும் வெளிர்சாம்பலில். அவர் குறிபார்த்து அழுத்துவதற்குள் பக்கம் ஒரு அங்குலம் கீழே நகர்ந்தது. கர்சர் போய் விழுந்த இடம் 'இப்போதே வாங்குங்கள்'.

இத்தனை நாள் இந்தத் தொல்லை இல்லை. விளம்பரங்களைத் தடுக்கப் போட்டுவைத்திருந்த ஆட் பிளாக்கரை குரோம் பிரவுசரே அணைத்துவிட்டது. 'இனி ஆதரவு இல்லை'யாம்.

எக்ஸ்டென்ஷன்களுக்கு, அதாவது பிளாக்கர் மாதிரி பிரவுசரோடு ஒட்டவைக்கும் குட்டி நிரல்களுக்கு, கூகுள் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் வி3 என்ற புது விதிதான் காரணம். முன்பு பிளாக்கர் வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொன்றையும் தானே பார்த்துத் தடுக்கும். இப்போது தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை பிரவுசரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். நியாயம் இல்லாமலும் இல்லை, எல்லாவற்றையும் பார்க்கிற எக்ஸ்டென்ஷன் திருட்டு எக்ஸ்டென்ஷனாகவும் இருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் சம்பாதிக்கும் கூகுளே இந்த பிரவுசரையும் செய்யும்போது, அந்த அக்கறையை முழுசாக நம்ப மனசு வரவில்லை.

ஃபயர்பாக்ஸ் என்ற வேறு பிரவுசரைப் போட்டேன். அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற ஆட் பிளாக்கர் பழைய பலத்தோடே ஓடுகிறது. புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் கூடவே வந்துவிட்டன.

"இது என்ன, நரி?" என்றார் அப்பா. அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு.

சின்னத் தமிழ்த் தளங்கள் பலவற்றுக்கு விளம்பரம்தான் சோறு. அது உறுத்தாமல் இல்லை. குதித்து வந்து கத்தாத தளங்களுக்கு மட்டும் பிளாக்கரை அணைத்துவைத்திருக்கிறேன்.