ஃபார்ச்சூனருக்கு ஒரு சுற்று பெரிய டயர்: டர்பனிலிருந்து என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே டயருக்கு எமன் சேறு இல்லை, கல்தான். மலையின் மேல்பாகம் முழுக்க பசால்ட் எரிமலைப் பாறை. உடைந்து பாதையில் கிடக்கும் துண்டுகளின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். எங்கள் வண்டி ஃபார்ச்சூனர் 2.4 டீசல், ஃபோர் வீல் டிரைவ். ஷோரூமிலிருந்து வந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது, டயர் 265/65R17. தார் ரோட்டில் அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸ் பக்கத்தில் ஒரு கல் பின்சக்கரத்தின் சைடுவாலை, அதாவது டயரின் பக்கச்சுவரை, விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. தரையைத் தொடும் பட்டன் இருக்கும் இடத்தில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். சைடுவால் கிழிந்தால் அந்த டயர் அவ்வளவுதான். வண்டியில் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள், போனில் சிக்னல் இல்லை. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு இறங்கினோம். ஊர் திரும்பியதும் தார் ரோட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் சேர்த்துச் செய்த ஆல் டெரெயின் டயர் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். கரும்புத் தோட்டக் காலத்தில் வந்த குடும்பம், வீட்டில் இன்னும் தமிழ் உண்டு. பல வருடமாக ஹைலக்ஸ் பக்கி (இங்கே பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்வோம்) ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டபோது, "பெரிய டயர் போடு தம்பி, ஆனா வண்டிக்கு அடங்குற டயரா போடு. வெட்டி ஒட்டி மாட்டாதே" என்றார். கடைசி வரை எனக்கு அளவுகோலாக இருந்தது அந்தப் பேச்சுதான்.

முதலில் போன டயர் கடையில் 285/70R17 போடச் சொன்னார்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும், உண்மைதான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் சைடுவால் உயரம் எத்தனை சதவீதம் என்பது. R-க்குப் பின்னால் இருப்பது ரிம்மின் அங்குலம். அப்படிப் பார்த்தால் எங்கள் பழைய டயரின் விட்டம் 776 மி.மீ. 285/70 போட்டால் 831, அதாவது 7 சதவீதம் அதிகம். சஸ்பென்ஷனைத் தூக்காத வண்டியில் இந்த அளவு, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது மட்கார்டு உள்பக்கமும் அதற்குப் பின்னால் இருக்கும் பாடி மவுன்ட்டும் (பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் இடம்) உரசும். வண்டியைத் தூக்க லிஃப்ட் கிட், வெட்டு வேலை என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். 265/70R17 என்றால் விட்டம் 803 மி.மீ., கூடுதல் 3.4 சதவீதம். அகலம் அதே 265, ரிம் அதே ரிம், சைடுவால் மட்டும் 13 மி.மீ. உயரம். வண்டியின் அடிப்பாகமும் அதே 13 மி.மீ. தூக்கும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் கல்லில் ஏறும்போது காற்றும் ரப்பரும் அமுங்க அந்த உயரம்தான் இடம் கொடுக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான், மிரட்டல் இல்லை.

அளவை முடிவு செய்த பிறகு இன்னொரு கேள்வி வந்தது. ஒரே 265/70R17 இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று சாதாரணக் கட்டுமானம், லோடு இண்டெக்ஸ் 115, அதாவது ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். இன்னொன்று எண்ணுக்கு முன்னால் எல்.டி. என்று போட்டிருக்கும் லைட் டிரக் வகை, 121, ஒரு டயருக்கு 1,450 கிலோ. எங்கள் பழைய டயரே 112, 1,120 கிலோ. நான்கையும் கூட்டினால் சுமை நிரப்பிய ஃபார்ச்சூனரின் எடையைவிட எவ்வளவோ அதிகம். எடைக்காக எல்.டி. தேவையே இல்லை. அதில் அடுக்குகள் கூடுதல், சைடுவால் தடிப்பு, அதற்காகத்தான் எடுத்தேன். விலையும் கூடுதல், டயரின் எடையும் கூடுதல். ஊருக்குள் பள்ளிக்கூடம், கடைகண்ணி, கோயில் என்று மட்டும் ஓடுகிற வண்டிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன், 115 தாராளம். எல்.டி. கொஞ்சம் குலுக்கும். பின்சீட்டில் அம்மா அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

இன்னொரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை: ஐந்து டயர். நான்கு வாங்கிவிட்டு பழையதை ஸ்டெப்னியாக வைத்தால் பணம் மிச்சம்தான். ஆனால் ஃபார்ச்சூனரின் ஃபோர் வீல் டிரைவில் நடுவில் டிஃபரன்ஷியல் (வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் கியர்) கிடையாது, முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் 3 சதவீதம் சின்னதாக இருந்தால் பிடிப்புள்ள தரையில் மொத்த கியர் அமைப்பும் முறுக்கிக்கொள்ளும். மலையில் பஞ்சர் ஆகும் நாளில்தான் ஃபோர் வீல் டிரைவும் வேண்டியிருக்கும். வாங்கும் முன்னால் வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டேன், அடங்கியது.

வாங்கிய கடை வேறு. மாட்டும் முன் ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம். கூடவே மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் போட்ட முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சானி பக்கம் பனி விழும், அந்த முத்திரை பனியில் சோதித்த டயருக்கு மட்டும்தான் கிடைக்கும்.

கடைக்காரரிடம், "முதல்ல முன்பக்கம் ரெண்டு மட்டும் மாட்டுங்க" என்று கேட்டுக்கொண்டேன். மனிதர் முகம் சுளிக்காமல் செய்தார். ஸ்டீயரிங்கை இடது கோடி வரை ஒடித்து, டார்ச் அடித்து, மட்கார்டு உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். அப்புறம் வலது கோடி. மிகவும் நெருக்கமான இடத்தில் இரண்டு விரல் நுழைந்தது. அடுத்து ஒரு முன்சக்கரத்தை மட்டும் நடைபாதை விளிம்பில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் திரும்பவும் ஒடித்து, ரிவர்ஸிலும் பார்த்தோம். எங்கும் உரசவில்லை. அதற்குப் பிறகுதான் மற்ற மூன்றும், வீல் பேலன்ஸும், அலைன்மென்ட்டும்.

எல்.டி. டயர் அதே எடையைத் தாங்க, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிடக் கூடுதல் காற்று கேட்கும். எவ்வளவு என்று பிடிக்க எளிய வழி சாக்பீஸ். டயரின் பட்டன் மேல் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டுவிட்டு, தட்டையான தார் ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. 2.5 பார் காற்றழுத்தத்தில் எங்களுக்குக் கோடு ஒரே சீராக அழிந்தது. குடும்பத்தோடும் சாமானோடும் போகும்போது பின்பக்கம் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன்.

ஸ்பீடோமீட்டர் விஷயத்தில் நல்லதே நடந்தது. கம்பெனி மீட்டர் எப்போதும் உண்மையைவிட அதிகமாகத்தான் காட்டும். முன்பு முள் 120-இல் நிற்கும்போது ஜி.பி.எஸ். 114 காட்டும், இப்போது 118. நெடுஞ்சாலையின் உச்சவரம்பும் 120 என்பதால் வம்பில்லை. ஆனால் ஓடிய கிலோமீட்டர் குறைவாகப் பதிவாகும்: நிஜத்தில் 10,000 கி.மீ. ஓடினால் மீட்டரில் சுமார் 9,670. சர்வீஸ் தேதியையும் மைலேஜையும் இதைச் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் டீசல் குடிப்பது உள்ளதைவிட மோசமாகத் தெரியும். திருத்திப் பார்த்தாலும் கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) என்ற ஏற்றத்தில் கியர் முன்னைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அளவு மாற்றத்தை மெயிலில் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அடுத்து ஹோவிக்கிலிருந்து R617 பிடித்து, புல்வர் வழியாக அண்டர்பர்க் போய், மறுபடி சானி. உச்சி 2,870 மீட்டருக்கு மேல். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியை தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியில் மேலே விடமாட்டார்கள். அடிவாரத்தில் காற்றை 1.8 பாருக்கு இறக்கினேன், லோ ரேஞ்சில் (இழுவை கூடிய மெதுவான கியர்) நிதானமாக ஏறினோம். மேல் வளைவுகளில் முன்பு பின்சக்கரம் சுழன்று கல்லை வாரியடிக்கும். இந்த முறை அந்தச் சத்தமே இல்லை. மேலே நிறுத்தி நான்கு டயரையும் கையால் தடவிப் பார்த்தேன். பட்டன் ஓரங்களில் சின்னச் சின்ன சில்லு பெயர்ந்திருந்தது, சைடுவாலில் வெறும் கீறல். இறங்கியதும் கம்ப்ரஸரால் மறுபடி காற்று ஏற்றிக்கொண்டுதான் தார் ரோட்டைத் தொட்டோம். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

மணலுக்கு எந்த டயர் என்று சிலர் கேட்கிறார்கள். இந்த நாட்டுக் கடற்கரைகளில் வண்டி ஓட்டுவதை 2001 இறுதியிலேயே தடை செய்துவிட்டார்கள். மொசாம்பிக் பக்கம் அடிக்கடி போகிறவர்கள்தான் அதை யோசிக்க வேண்டும், அவர்களுக்கு சைடுவால் மெலிந்து நன்றாக அமுங்குகிற டயரே நல்லது, எல்.டி. வேண்டாம்.

18 அங்குல ரிம் வந்த ஃபார்ச்சூனர் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். 265/60R18-க்கு அடுத்த படி 265/65R18, அங்கேயும் 3.4 சதவீதம்தான் கூடும். ஆனால் பழைய டயரின் சைடுவாலே 159 மி.மீ.தான். கல் பாதைக்கு அடிக்கடி போவதாக இருந்தால், பிரேக்குக்கு இடிக்காத 17 அங்குல ரிம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். டயர் அளவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.