ஜென்டூவில் டாக்கர்: 3 நாள் தின்ற கெர்னல்

நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு டாக்கரில், அதாவது புரோகிராம்களைக் கன்டெய்னர் என்கிற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருளில், ஹலோ-வேர்ல்டு சோதனைக் கன்டெய்னர் ஓடி வாழ்த்து வரியைக் காட்டியது. ஆபீஸ் உபுண்டுவில் அந்த வரியை நூறு தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை. வீட்டு ஜென்டூவில் (மென்பொருளை நாமே சோர்ஸில் இருந்து கம்பைல் செய்துகொள்ளும் லினக்ஸ்) வந்ததும் முழுசாகப் படித்தேன். டாக்கரை எமர்ஜ் செய்ய (ஜென்டூவில் இன்ஸ்டால் செய்யும் கட்டளை) அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மிச்சம் 3 நாளையும் லினக்ஸின் மையமான கெர்னல் தின்றது.

மெஷின் செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480. ஐ5-8250யூ, 16 ஜிபி ராம், சர்வீஸ்களைத் தொடங்க ஓபன்ஆர்சி. கெர்னல் 6.12, கையால் கன்ஃபிக் செய்தது. 'ஜென்டூவே கன்ஃபிக் செய்து தரும் டிஸ்ட் கெர்னல் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே' என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும். அதைப் போடுவதென்றால் எனக்கு எதற்கு ஜென்டூ?

பேக்கேஜ் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. டாக்கர் எழுதப்பட்ட கோ மொழியைக் கம்பைல் செய்ய முதலில் ஒரு கோ வேண்டும் என்பதால் கோ-பூட்ஸ்ட்ராப் இழுத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே கன்டெய்னர்களை ஓட்டிக் கொடுக்கும் கன்டெய்னர்-டி, ரன்-சி. பின்னணியில் ஓடும் டீமன் ஒரு பேக்கேஜ், 'டாக்கர்' என்று நாம் தட்டும் கட்டளை இன்னொரு பேக்கேஜ். நான் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு, கட்டளையே இல்லை என்கிறதே என்று ஐந்து நிமிஷம் முழித்தேன். டாக்கர்-சிஎல்ஐயையும் சேர்த்தே கேளுங்கள்.

எமர்ஜ் முடியும்போது ஒரு பத்துப் பன்னிரண்டு எச்சரிக்கை வரிகள் ஓடின. இந்த ஆப்ஷன் செட் ஆகவில்லை, அந்த ஆப்ஷன் செட் ஆகவில்லை என்று. எல்லாரையும் போல நானும் அதைப் படிக்கவில்லை. டீமனைத் தொடங்கி ஸ்டேட்டஸ் பார்த்தால் 'கிராஷ்ட்'. லாக் ஃபைலில், அட்ரடைப் எக்ஸ்டென்ஷன் இல்லை, கெர்னல் மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலில் சேரும் துண்டு) காணோமா என்று ஃபயர்வால் விதிகளைப் போடும் ஐபிடேபிள்ஸ் என்னையே திருப்பிக் கேட்கிறது.

காரணம் நான்தான். சில மாதம் முன்பு கெர்னலை இளைக்க வைக்கிறேன் பேர்வழி என்று மேக் லோக்கல்மாட்கன்ஃபிக் ஓட்டியிருந்தேன். அந்த நேரத்தில் லோடு ஆகியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் எது இருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை எல்லாம் அது வெட்டிவிடும். அன்றைக்குப் பந்தியில் உட்காராதவனுக்கு இனி இலையே கிடையாது என்கிற கணக்கு. டாக்கரே இல்லாத மெஷினில், கன்டெய்னரின் நெட்வொர்க்குக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் வேண்டிய வெத், பிரிட்ஜ், ஓவர்லே, அட்ரடைப் எதுவும் லோடு ஆகியிருக்காது. நாலும் போச்சு.

கெர்னல் ஆப்ஷன் மெனுவான மெனுகன்ஃபிக்கில் சாய்கோடு தட்டித் தேடிப் போனேன். அட்ரடைப், கெர்னலின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டருக்குள் கோர் நெட்ஃபில்டர், அதற்குள் எக்ஸ்டேபிள்ஸ் மேட்ச் பட்டியலில் பதுங்கியிருக்கிறது. வெத் இருப்பது டிவைஸ் டிரைவர்ஸ் பக்கம், நெட்வொர்க் டிவைஸ்களுக்கு நடுவில். பிரிட்ஜ் நெட்ஃபில்டர் வரி கண்ணிலேயே படவில்லை. நெட்ஃபில்டரின் 'அட்வான்ஸ்டு' ஆப்ஷனைப் பெரிய புத்திசாலி மாதிரி என்றைக்கோ எடுத்துவிட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் இந்த வரியே தெரியாது. எல்லாவற்றுக்கும் எம் (தனி மாட்யூல்) போடாமல் நட்சத்திரமே போட்டேன். கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டால் அடுத்த முறை லோக்கல்மாட்கன்ஃபிக் அதில் கை வைக்காது.

கம்பைல், மாட்யூல் இன்ஸ்டால், கெர்னல் இன்ஸ்டால், ரீபூட். அதே எரர். ஒரு எழுத்து மாறவில்லை.

டாக்கரை மறுபடி எமர்ஜ் செய்து பார்த்தேன். இந்தத் தடவை ஒரு எச்சரிக்கைகூட இல்லை. அப்படியானால் கெர்னல் சரி, கோளாறு ஐபிடேபிள்ஸில்தான் என்று முடிவு கட்டினேன். ரெண்டாம் நாள் முழுக்க அதிலேயே போனது. என்எஃப்டேபிள்ஸ் யூஸ் ஃப்ளாக்கை (கம்பைல் செய்யும்போது தரும் விருப்பம்) போட்டு ஒரு கம்பைல், எடுத்து ஒரு கம்பைல், எந்த வகை ஐபிடேபிள்ஸ் என்று தேர்ந்தெடுக்கும் ஈசெலக்டில் இப்படியும் அப்படியும் மாற்றி ரெண்டு ரீபூட். நடுவில் கரன்ட் வேறு போனது. லேப்டாப் பேட்டரியில் தாக்குப்பிடித்தது, ரவுட்டர் படுத்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் டாக்கரோடு வரும், கெர்னல் ஆப்ஷன்களைச் சரிபார்க்கும் செக்-கன்ஃபிக் ஸ்கிரிப்ட் ஞாபகம் வந்தது. ஓட்டினால் வெத், அட்ரடைப் எல்லாம் சிவப்பில் 'மிஸ்ஸிங்'. ஆனால் சோர்ஸ் டைரக்டரியில் இருக்கும் டாட்-கன்ஃபிக் ஃபைலைத் திறந்தால் எல்லாமே 'ஒய்'. ஒரே மெஷின், ரெண்டு பதில். எமர்ஜ் பார்ப்பது சோர்ஸ் டைரக்டரியில் இருக்கும் ஃபைலை. ஸ்கிரிப்ட் பார்ப்பது ப்ராக் (கெர்னல் தன் விவரங்களைக் காட்டும் டைரக்டரி) வழியாக, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கன்ஃபிக்கை. ஓடும் கெர்னலின் விவரம் சொல்லும் யூநேம் தட்டினேன். வெர்ஷன் சரியாகத்தான் இருந்தது, 6.12. அதற்குப் பக்கத்தில் உள்ள பில்டு தேதியைப் பார்த்ததும்தான் உறைத்தது. தேதி பிப்ரவரி.

கெர்னல் இருக்க வேண்டிய பூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகவே இல்லை. மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் நோஆட்டோ (தானாக மவுன்ட் செய்யாதே) என்று நானே எழுதிவைத்தது. புதுக் கெர்னல் ரூட் பார்ட்டிஷனில் இருக்கும் காலி பூட் டைரக்டரிக்குள் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. கெர்னலைத் தொடங்கிவைக்கும் கிரப், நிஜப் பார்ட்டிஷனில் இருந்த பழைய கெர்னலை ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. ரெண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் சந்தேகமே வரவில்லை. மவுன்ட் செய்து, திரும்ப இன்ஸ்டால் செய்து, ரீபூட் ஆனதும் டாக்கரின் நெட்வொர்க்கான டாக்கர்0 பிரிட்ஜ் வந்து நின்றது. யூநேமின் பில்டு தேதியைப் பார்க்காமல் இனி யாராவது கெர்னல் மாற்றியதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன், என்னையும் சேர்த்து.

ராம் எங்கே வாங்கினேன் என்று ரெண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்தான், ஆனால் கடையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 2400 வேகத்தில் கேட்டேன், 2666 கொடுத்துவிட்டு 'இது இன்னும் ஸ்பீடு சார்' என்றார். டி480இல் அது 2400ஆகத்தான் ஓடும். ஓடுகிறது என்பதால் சண்டைக்குப் போகவில்லை. 8 ஜிபியில் இருந்து 16 ஆனபிறகு போர்ட்டேஜின் (ஜென்டூவின் பேக்கேஜ் மேனேஜர்) டெம்ப் டைரக்டரியை ராமிலேயே இருக்கும் டெம்ப்-எஃப்எஸ்ஸில் வைத்திருக்கிறேன், எஸ்எஸ்டிக்கு ஓய்வு. கம்பைல் ஆக நேரம் பிடிக்கும் எல்எல்விஎம், ரஸ்ட் மட்டும் 2023 டிசம்பரில் ஜென்டூ கொடுக்க ஆரம்பித்த, ஏற்கெனவே கம்பைல் செய்த பேக்கேஜ்கள் இருக்கும் பைனரி ஹோஸ்ட்டில் இருந்து எடுக்கிறேன். திட்டுபவர்கள் திட்டலாம், கரன்ட் பில் கட்டுவது நான்.

இத்தனையும் செய்துவிட்டு முதலில் இழுத்தது என்ன? யாரோ எங்கேயோ கம்பைல் செய்த டெபியன் இமேஜ் (கன்டெய்னருக்கான தயார் அச்சு), அதற்குள் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். வீட்டில் கல்லுரலில் மாவாட்டி முடித்துவிட்டு ஓட்டலில் தோசை பார்சல் வாங்கிய கதை. ஜென்டூவின் அடிப்படைத் தொகுப்பான ஸ்டேஜ்3இல் இருந்து சொந்த இமேஜ் கட்ட வேண்டும், ஜென்டூவே அதற்கும் இமேஜ் வெளியிடுகிறது.

ஆனால் அதற்கு முன்னால், டாக்கருக்கு மாற்றான போட்மேன். டாக்கர் குரூப்பில் யூசரைச் சேர்ப்பதும் ரூட் பாஸ்வேர்டைக் கையில் கொடுப்பதும் ஒன்றுதான், அது எனக்குப் பிடிக்கவில்லை. போட்மேனுக்கு டீமனும் கிடையாது, ரூட்டும் வேண்டாம். ரூட் இல்லாமல் கன்டெய்னர் ஓட்ட வேண்டிய சப்யுஐடி, சப்ஜிஐடி வரிகளைச் சேர்த்தாகிவிட்டது. இதை எழுதும்போதே எமர்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே நாலு மஞ்சள் எச்சரிக்கை வரி போனது. இந்தத் தடவை படித்தேன். அதில் ஒன்றுக்குத் திரும்பக் கெர்னல் கம்பைல் செய்யணும். டாக்கரைத் தானாகத் தொடங்கும்படி ரன்லெவலில் சேர்க்கவில்லை, பல கன்டெய்னர்களை ஒன்றாக ஓட்டும் கம்போஸ் இன்னும் போடவில்லை. எஃப்எஸ்டேப்பில் அந்த நோஆட்டோவும் அப்படியேதான் இருக்கிறது.