இரண்டு கல்லூரியில் ஒரே செமஸ்டரில் படித்தால் பெல் கிராண்ட் எவ்வளவு வரும்?

அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்துக்கொண்டே, கால்குலஸையோ கெமிஸ்ட்ரியையோ வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் எடுக்கும் பிள்ளைகள் நிறைய. கட்டணம் குறைவு, வேலை நேரத்துக்கும் ஒத்துவரும். ஆனால் பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு ஃபெடரல் அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) வாங்கும் மாணவருக்கு அந்த இரண்டாவது கல்லூரியின் கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) தானாகக் கணக்கில் சேராது. இது தெரியாமலே பல குடும்பங்கள் பணத்தை விடுகின்றன.

2024-25 கல்வியாண்டிலிருந்து கணக்கு இப்படி: ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட் எடுத்தால் முழுநேரம், நூறு சதவீதம். அதற்குக் கீழே, எடுத்த கிரெடிட்டை 12ஆல் வகுத்து வரும் சதவீதம்தான் கிடைக்கும். 9 எடுத்தால் 75, 7 எடுத்தால் 58. 2025-26இல் உச்சத் தொகை 7,395 டாலர். ஒரு செமஸ்டருக்கு அதில் பாதி, 3,697 டாலர் சொச்சம். உச்சத் தொகைக்குத் தகுதியுள்ள மாணவர் பல்கலையில் 9, கம்யூனிட்டி காலேஜில் 3 என்று எடுக்கிறார் என்று வையுங்கள். பல்கலை தன்னுடைய 9ஐ மட்டும் பார்த்தால் 2,773 டாலர்தான் வரும். உழைப்பு 12 கிரெடிட்டுக்கு, கையில் 924 டாலர் குறைவு.

கல்விக் கடனில் அடி இன்னும் பலமாக விழும். ஃபெடரல் டைரக்ட் லோனுக்குக் குறைந்தது அரைநேரம், அதாவது 6 கிரெடிட் வேண்டும். பல்கலையில் 4, வெளியே 3 என்றால் மொத்தம் 7. ஆனால் சேர்த்துப் பார்க்க வழி செய்யாவிட்டால் கடன் ஒரு டாலர்கூட வராது.

அந்த வழிக்குப் பெயர் கன்சார்ட்டியம் அக்ரிமென்ட், அதாவது இரு கல்லூரி கிரெடிட்டையும் சேர்த்து எண்ண அவை போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். பட்டம் தரப்போகும் கல்லூரி ‘ஹோம்’, மற்றது ‘ஹோஸ்ட்’. ஹோமின் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸில் படிவம் கிடைக்கும். அந்தப் பாடம் பட்டத்துக்குச் செல்லும் என்று ஹோமின் அட்வைசர் கையெழுத்திட வேண்டும். எத்தனை கிரெடிட், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எவ்வளவு கட்டணம், தாங்கள் எய்ட் எதுவும் தரப்போவதில்லை என்பதையெல்லாம் ஹோஸ்ட் நிரப்பித் தரும். பெரும்பாலும் செமஸ்டருக்கு ஒரு படிவம். சென்ற முறை போட்டது இந்த முறைக்கு உதவாது.

ஹோஸ்டில் பதிவு செய்யும் முன்பே ஹோமைக் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் போட்டே ஆகவேண்டும் என்று எந்தக் கல்லூரிக்கும் கட்டாயமில்லை. ‘அந்தப் பாடம் எங்களிடமே இருக்கிறதே’ என்று மறுக்கும் கல்லூரிகளும் உண்டு. பட்டத்துக்குத் தேவையில்லாத பாடம் என்றால் படிவம் இருந்தும் பயனில்லை. அந்த கிரெடிட் எண்ணப்படாது.

இரண்டு இடத்திலும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஒரே ஃபாஃப்சாவில் (ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பம்) 20 கல்லூரி வரை சேர்க்கலாம், இரண்டும் ஆஃபர் லெட்டர் அனுப்பலாம். பெல் மட்டும் ஒரே காலத்தில் ஒரு கல்லூரி வழியாகத்தான். இரண்டும் கொடுத்தால் ஃபெடரல் சிஸ்டம் கண்டுபிடித்துவிடும். கூடுதலாகப் போனது திரும்ப வேண்டும், அதன் சுமை மாணவர் தலையில் பாக்கியாக வந்து விழலாம்.

படிவம் கச்சிதமாக இருந்தும் கெடுவது பண வரவு பிந்துவதால்தான். கிராண்ட் முழுதும் ஹோமின் கணக்குக்கு வரும். அங்கே கட்டணம் கழித்து மிச்சமிருந்தால், மிச்சம் விழுந்த 14 நாளுக்குள் ரீஃபண்ட் தருவார்கள். ஹோஸ்டில் கட்டணம் கட்டும் கெடு பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். கட்டாவிட்டால் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடும் கல்லூரிகள் பல. பெயர் போனால் கிரெடிட் குறையும், கிரெடிட் குறைந்தால் கிராண்டும் குறையும். ஹோஸ்டின் கட்டணத்தைக் கையில் வைத்திருங்கள், இல்லையேல் ஹோஸ்டில் பேமென்ட் பிளான் கேளுங்கள்.

செமஸ்டர் நடுவில் தொடங்கும் எட்டு வார வகுப்பிலும் கவனம் தேவை. தொடங்கிய வகுப்புக்குத்தான் பெல். போகாமலே விட்டால் தொகையைத் திருப்பிக் கணக்கிடுவார்கள். ஹோஸ்ட் குவார்ட்டர் முறையில் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்) நடந்தால் 5 கிரெடிட் என்பது செமஸ்டர் கணக்கில் 3.33தான். ஒரு கிரெடிட்டில் தட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஹைஸ்கூலிலேயே டூயல் என்ரோல்மென்டில் கல்லூரிப் பாடம் எடுக்கும் பிள்ளைக்குப் பெல் பொதுவாகக் கிடையாது. எஃப்-1 (மாணவர்), எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினர்) விசாவில் இருப்பவர்களுக்கு ஃபெடரல் உதவியே இல்லை. பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும்.

செமஸ்டர் முடிந்ததும் ஹோஸ்டின் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) தானாக ஹோமுக்குப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். நீங்களே விண்ணப்பித்து அனுப்புங்கள். அது வரும்வரை அடுத்த செமஸ்டர் எய்டை நிறுத்தி வைக்கும் கல்லூரிகள் உண்டு. ஹோஸ்டில் பாதியில் விட்ட பாடம்கூட, எய்ட் தொடர்வதற்காகப் பார்க்கும் முன்னேற்றக் கணக்கில் ‘முயன்ற கிரெடிட்’ ஆகிறது. பல இடங்களில் முயன்றதில் 67 சதவீதம் தேறியாக வேண்டும். ஆகவே பாடத்தை விடுவதற்கு முன் ஹோமுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, தொகை எவ்வளவு மாறும் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.