நட்சத்திர மீனின் செலவுக் கணக்கு

கிருஷ்ணகிரியில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளில் பலர் நட்சத்திர மீனை முதலில் பார்ப்பது ஃபார்மலின் ஜாடியில்தான். நானும் பல வருடங்கள் அந்த ஜாடியை வைத்தே பாடம் நடத்தினேன். குழாய்க்கால் (நகர உதவும் குழாய் போன்ற சிறு கால்கள்), பைலோரிக் சீக்கா (கைகளுக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி) என்று உறுப்புகளைக் காட்டுவேன். அழகாகப் படம் வரைவார்கள். ஆனால் அந்த உயிர் தின்றதை எதற்கெல்லாம் செலவழிக்கிறது என்ற பேச்சே வகுப்பில் எழாது. அதுதான் பாடத்தின் உயிர் என்பது என் கருத்து.

அதைச் சொல்லித்தர எனக்குக் கைகொடுத்தது எங்கள் ஊர் கே.ஆர்.பி. அணையின் ஜிலேபிக் கெண்டை மீன். மீன் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று விங்க்ளர் முறையில் (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை ரசாயனம் விட்டுக் கணக்கிடும் முறை) அளப்பது எங்கள் வழக்கமான செய்முறை. மாங்கனீஸ் சல்பேட்டும் ஆல்கலைன் அயோடைடும் விட்டதும் பாட்டிலில் பழுப்பாக வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் குறையக் குறைய அந்தப் பழுப்பு வெளுக்கும். தண்ணீரைச் சில டிகிரி மட்டும் சூடாக்கி மறுபடி செய்தால், மீன் விட்ட தண்ணீரில் பழுப்பு இன்னும் வெளுத்துப்போகும். சூட்டில் மீனின் தேவை கூடுகிறது. தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனோ குறைகிறது. இரண்டு பக்கமும் இடி.

கடலிலும் இதே கதைதான். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 20 டிகிரியில் 7.4 தான். குளிர் ரத்தப் பிராணிகள் பலவற்றில் 10 டிகிரி ஏறினால் வளர்சிதை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கெண்டையாவது செவுளை வேகமாக அடித்துச் சமாளிக்கும். நட்சத்திர மீனுக்குச் செவுள் மூடி கிடையாது. தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பைகள் வழியாகவும் குழாய்க்கால்கள் வழியாகவும் ஆக்சிஜன் ஊறி உள்ளே போக வேண்டும்.

இதை நடத்தியபோது காவேரிப்பட்டினத்து மாணவி ஒருத்தி, "சூடு ஏறினா நிறையத் தின்னும், சீக்கிரம் வளரும். நல்லதுதானே மேடம்?" என்று கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அவள் சொன்னதில் பாதி நிரூபணமான உண்மை. அமெரிக்காவின் ஒரேகான் கரையில் ஆய்வாளர் எரிக் சான்ஃபோர்டு 1999-இல் காட்டியது இதைத்தான்: கடல் 3 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீன் மட்டிகளைத் தின்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 2009-இல் வந்த இன்னோர் ஆய்வில், வெப்பமும் கரியமில வாயுவும் கூடியபோது அதே இனத்தின் குஞ்சுகள் வேகமாகவே வளர்ந்தன. ஆனால் கரியமில வாயு கூடியதில் உடலில் சுண்ணாம்புப் பங்கு குறைந்திருந்தது. எடை ஏறியதை மட்டும் பார்த்து நல்லது என்று சொல்லிவிட முடியாது.

மிச்சப் பாதிக்கான பதில் பைலோரிக் சீக்காவில் இருக்கிறது. ஒவ்வொரு கையிலும் இருக்கும் இந்தச் செரிமானச் சுரப்பிதான் அதன் சேமிப்பும். கொழுப்பும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தும் இங்கே சேரும். இனப்பெருக்கக் காலத்தில் இது சுருங்கச் சுருங்க இனப்பெருக்கச் சுரப்பி பருக்கும். சூடான கடலில் சும்மா கிடப்பதற்கே கூடுதல் செலவு. மட்டி தாராளமாகக் கிடைக்கும்வரை கவலையில்லை. கிடைக்காவிட்டால் சேமிப்பில்தான் கை வைக்க வேண்டும்.

பிசாஸ்டருக்கு ஒரு தந்திரம் உண்டு. முந்தைய வற்றத்தில் (கடல்நீர் கரையிலிருந்து இறங்கும் நேரத்தில்) வெயிலில் காய்ந்திருந்தால், அடுத்து அலை ஏறும்போது குளிர்ந்த கடல்நீரை உடம்புக்குள் நிறைய ஏற்றிக்கொள்ளும். அதனால் அடுத்த வற்றத்தில் உடம்பு மெதுவாகச் சூடாகும். இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கடல்நீரே சூடாகிவிட்டால் இந்தத் தந்திரம் பலிக்காது.

2013 முதல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் நட்சத்திர மீன்கள் கரைந்து சிதையும் நோய் பரவியது. சூரியகாந்தி நட்சத்திர மீன் இனத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. அந்த இனத்தில் நோயை உண்டாக்குவது விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025-இல் கண்டறிந்தார்கள். எனவே பழி முழுவதையும் வெப்பத்தின் மேல் போடக் கூடாது என்று வகுப்பில் அழுத்திச் சொல்கிறேன். அதோடு, வழக்கத்துக்கு மீறிச் சூடான கடல்பகுதிகளில் சரிவு கடுமையாக இருந்ததையும் சொல்கிறேன்.

இப்போது வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நான் கேட்பது இதுதான்: கடல் 3 டிகிரி சூடாகிறது, மட்டியும் குறைவு, நட்சத்திர மீன் எதில் சிக்கனம் பிடிக்கும்? போன முறை அந்தக் காவேரிப்பட்டினத்து மாணவி, "முட்டையில மேடம். சீக்கா காலியானா சுரப்பி பருக்காது, அடுத்த தலைமுறை குறையும்" என்றாள். உறுப்பின் பெயரும் அதன் வேலையும் ஒரே பதிலில் வந்துவிட்டன. முழு மதிப்பெண் போட்டேன்.