ஆளே இல்லாத பதவியேற்பும் பக்கத்து வீட்டு ட்ரக்கும்

ரெண்டு வாரமா இங்க எதுவும் எழுதல. எழுத உக்காந்தா கை தானா நியூஸ் சைட்டுக்குப் போயிடுது. இப்ப எல்லாம் முடிஞ்சுது, 2021 ஜனவரி 20, புதன்கிழமை பைடன் அமெரிக்க ஜனாதிபதியா பதவியேத்துட்டாரு, பெருசா ஒண்ணும் நடக்கல, அம்மா ஊர்லேர்ந்து ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்ணிட்டு இருந்தது ஒரு தடவையா கொறஞ்சிருக்கு. மறந்து போறதுக்குள்ள எழுதி வச்சிடறேன்.

நாங்க இருக்கறது வர்ஜீனியா பக்கம், பொட்டோமாக் ஆத்துக்கு இந்தக் கரை. ட்ராஃபிக் இல்லன்னா வாஷிங்டன் டி.சி.ல இருக்கற கேபிடல், அதாவது அமெரிக்கப் பார்லிமெண்ட் கட்டடம், இருபது நிமிஷம். ஊர்லேர்ந்து யாரு வந்தாலும் மொதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவேன், அந்தக் குவிமாடம் பின்னாடி தெரியற மாதிரி நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுட்டா அவங்களுக்கு அமெரிக்கா பாத்தாச்சு. அதே கட்டடத்துல ஜனவரி 6ஆம் தேதி தேர்தல்ல ட்ரம்ப் தோத்ததை ஒத்துக்காத அவரோட ஆளுங்க ஜன்னலை ஒடச்சு உள்ள பூந்ததை லேப்டாப்ல ஒரு பக்கம் மீட்டிங், இன்னொரு பக்கம் லைவ்னு பாத்துட்டு இருந்தேன். பைடன் ஜெயிச்சதை உறுதி பண்ண மாநிலங்களோட எலக்டோரல் ஓட்டை எண்ணிட்டு இருந்தவங்க பாதில எந்திரிச்சு ஓடறாங்க. அன்னிக்கே ரெண்டு கட்சியோட ஆபீஸ் பக்கத்துலயும் பைப் பாம் கெடச்சுதுன்னு செய்தி. அங்கேர்ந்து 20ஆம் தேதிக்கு சரியா 14 நாள்.

அந்த 14 நாளைத்தான் சொல்லணும். ஒவ்வொரு நாளும் ஒண்ணு. கேபிடலைச் சுத்தி ஏழடி வேலி, அதுக்கு மேல சுருள் சுருளா முள்ளுக்கம்பி. 13 மெட்ரோ ஸ்டேஷன் மூடல். வீட்டை வாடகைக்குப் புக் பண்ற ஏர்பிஎன்பி அந்த வாரத்துக்கு டி.சி. சுத்துவட்டாரத்துல இருந்த புக்கிங் மொத்தத்தையும் கேன்சல் பண்ணுச்சு. தெருமுனைல இருக்கற போஸ்ட் பாக்ஸைக்கூட கழட்டி எடுத்துட்டுப் போனாங்க, உள்ள எவனாவது எதையாவது போட்டுட்டா என்ன பண்றதுன்னு. டி.சி.க்கு வர்ற ஃப்ளைட்ல செக்-இன் பேக்ல துப்பாக்கி கொண்டு வரக் கூடாதுன்னு ஏர்லைன்ஸ் எல்லாம் சொல்லிடுச்சு, அப்ப அதுவரைக்கும் கொண்டு வந்துட்டுதான் இருந்தாங்களான்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. பைடன் தன்னோட ஊரு வில்மிங்டன்லேர்ந்து ஆம்ட்ராக் ரயில்லயே வர்றதா இருந்தாரு, வருஷக்கணக்கா அந்த ரயில்ல வேலைக்கு வந்து போன மனுஷன், அதையும் வேணாம்னு விட்டாங்க. மேயர் மியூரியல் பவுசர் டிவில வந்து யாரும் ஊருக்கு வராதீங்க, வீட்லயே உக்காந்து பாருங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. விழாவுக்கு வராதீங்கன்னு கூப்பிட்டுச் சொல்ற விழாவை நான் இப்பத்தான் பாக்கறேன்.

காவலுக்கு நேஷனல் கார்டுங்கற ரிசர்வ் ராணுவம் 25,000 பேர். அந்த நேரத்துல ஈராக்குல 2,500, ஆஃப்கானிஸ்தான்ல 2,500 அமெரிக்க சிப்பாய்ங்கதான் இருந்தாங்க, அதாவது ரெண்டு போர்க்களத்தையும் கூட்டினா வர்றதைவிட அஞ்சு மடங்கு எங்க ஆத்துக்கு அந்தப் பக்கம். அம்மா தமிழ் சேனல்ல பாத்துட்டு, "டேய், ஊருக்குள்ள ராணுவம் எறங்கிருக்காமே, அங்க என்ன கலவரமா?"ன்னு கேட்டாங்க. கலவரம் இல்லம்மா, வந்துடக் கூடாதுன்னுதான் பந்தோபஸ்துன்னேன். "பதவியேத்துக்கறதுக்கா?"ன்னாங்க. என்னத்தச் சொல்ல.

ஆனா எனக்குத் தூக்கம் போனது இந்த எண்ணிக்கையால இல்ல. வந்த சிப்பாய்ங்க அத்தனை பேரோட பின்னணியையும் எஃப்.பி.ஐ. சரி பாக்குதுன்னு ஒரு செய்தி வந்துச்சு பாருங்க, அதுலதான். கடைசில 12 பேரைத் திருப்பி அனுப்பினாங்க, அதுலயும் ரெண்டு பேர்தான் ஏதோ தப்பா பேசினது, மெசேஜ் போட்டதுக்காக, மத்தவங்க வேற வேற விஷயத்துக்காக. 25,000ல 12 ஒண்ணுமே இல்லதான், கணக்கு புரியுது. ஆனா வேலியே பயிரை மேஞ்சிடுமோன்னு வேலியை ஒரு ஒரு கம்பியா தட்டிப் பாக்கற நெலமைக்கு வந்துட்டோம்ல, அதுதான் வயித்தக் கலக்குச்சு. வர்றவன் வெளியூர்க்காரன்னா ஒரு மாதிரி பயம். வர்றவன் யாரு மாதிரி இருப்பான்னே தெரியாதுன்னா அது வேற பயம்.

2009ல நான் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல, எச்1பி விசா, நாலு பேரு ஒரு அபார்ட்மெண்ட். ஒபாமா பதவியேற்புக்கு விடியக்காலைல மூணு மணிக்கே கெளம்பி மெட்ரோல மூச்சு முட்ட நின்னு நேஷனல் மாலுக்குப் போனோம் (கடை மால் இல்ல, கேபிடலுக்கு முன்னாடி இருக்கற பெரிய புல்வெளி). 18 லட்சம் பேர்னு கணக்கு சொன்னாங்க. மைனஸ் ரெண்டு டிகிரி, காலு ரெண்டும் இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்கணும். எங்களுக்குத் தெரிஞ்சது ஒரு பெரிய ஸ்க்ரீனும் முன்னாடி நின்னவரோட குல்லாவும்தான். டிக்கெட் வச்சிருந்த ஆயிரக்கணக்கான பேரு அதைவிட பாவம், ஊதா டிக்கெட்காரங்க எல்லாம் மூணாவது தெரு சுரங்கப்பாதைக்குள்ள மாட்டிக்கிட்டு விழாவையே பாக்கல. தலைமை நீதிபதி உறுதிமொழியை வார்த்தை மாத்திச் சொல்லி, மறுநாள் வெள்ளை மாளிகைல திரும்ப ஒரு தடவை எடுத்தாங்க. நாங்க வீட்லேர்ந்து கொண்டு போன மிக்சரைத் தின்னுட்டு, தெரியாதவங்களையெல்லாம் கட்டிப்புடிச்சுட்டு, அப்படி ஒரு நாள் திரும்ப வரல.

இதுல விஷயம் என்னன்னா அன்னிக்கு நெஜமாவே ஒரு மெரட்டல் இருந்திருக்கு. சோமாலியாவோட அல்-ஷபாப் தீவிரவாதிங்க விழால தாக்கப் போறாங்கன்னு தகவல் வந்து, புஷ்ஷோட டீமும் ஒபாமாவோட டீமும் ஒண்ணா உக்காந்து கையப் பெசஞ்சுட்டு இருந்திருக்காங்க. மேடைல இருக்கறப்ப ஏதாவது ஆச்சுன்னா கூட்டத்தை எப்படிக் கலைஞ்சு போகச் சொல்றதுன்னு எழுதி வாங்கி சட்டைக்குள்ள வச்சிருந்தேன்னு ஒபாமாவே பின்னாடி எழுதினாரு. கடைசில அந்தத் தகவல் பொய்யாப் போச்சு. 18 லட்சம் பேருக்கு ஒண்ணும் தெரியாது, மேடைல இருந்த கொஞ்சப் பேருக்கு மட்டும் வேர்த்துருக்கு. இந்தத் தடவை அப்படியே தலைகீழ், எல்லாருக்கும் எல்லாம் தெரியும், மாலுல ஆளு இல்ல.

(இதெல்லாம் புதுசும் இல்ல. 1861ல லிங்கன் பால்டிமோர் வழியா வர்றப்ப கொல்லப் பாக்கறாங்கன்னு பிங்கர்டன் துப்பறிவாளருங்க சொல்லி, ராத்திரியோட ராத்திரியா ஊரைத் தாண்டி வாஷிங்டன் கொண்டாந்து சேத்தாங்க. உயிரோட வந்து சேந்தாருன்னு சந்தோஷப்படாம பயந்தாங்கொள்ளின்னு கார்ட்டூன் போட்டு கிழிச்சு எடுத்தாங்க.)

வீட்ல இவ வேலை பாக்கறது டி.சி.க்குள்ள ஒரு ஆஸ்பத்திரில, லேப்ல. கோவிட் உச்சத்துல இருக்கு, லீவுங்கற பேச்சே இல்ல. 18ஆம் தேதி காலைல நான் மீட்டிங்ல இருக்கேன், கேபிடல் பக்கம் பொகை, ஒத்திகைக்கு வந்தவங்களை அவசரமா உள்ள ஓடச் சொல்லிட்டாங்கன்னு போன்ல வருது. போன் போட்டா இவ எடுக்கல. ஒரு அரை மணி நேரம். அப்புறம் பாத்தா ஹைவே பாலத்துக்கு அடியில வீடில்லாத ஒருத்தரோட டெண்ட்ல தீ புடிச்சிருக்கு, அவ்ளோதான். அந்தக் குளிர்ல பாலத்துக்கு அடியில ஒருத்தர் இருந்தாருங்கறது தெரியறதுக்கே இவ்ளோ பெரிய பீதி வேண்டியிருக்கு. இவ லன்ச்சுல கூப்பிட்டு "என்ன பதினோரு மிஸ்டு கால்?"னா.

இப்ப பக்கத்து வீட்டுக்காரர் கதை. எங்களுக்கு முன்னாடியிலேர்ந்தே இங்க இருக்கறவரு, ரிட்டையர்டு, பனி பெஞ்சா தன் வீட்டு ட்ரைவ்வேயோட சேத்து எங்களதையும் தள்ளி விட்டுட்டுப் போயிடுவாரு, கேக்கவே வேணாம். ட்ரக் பின்னாடி ட்ரம்ப் கொடி. நாலு வருஷமா இருக்கு, நான் அதை ஒரு கொடியாகூட பாத்ததில்ல, அவரு ட்ரக்குக்கு அது ஒரு அடையாளம், அவ்ளோதான். 6ஆம் தேதிக்கு அப்புறம் ஒரு நாள் ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சப்ப நான் சமையக்கட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், ட்ரக் நிக்குதான்னு. அடுத்த நாளும் பாத்தேன். 6ஆம் தேதி அது வீட்டு முன்னாடி நின்னுச்சா இல்லையான்னு ஞாபகப்படுத்திப் பாத்தேன். நின்ன மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு.

19ஆம் தேதி குப்பைத் தொட்டிய உள்ள இழுக்கறப்ப அவரே வந்தாரு. ரூஸ்வெல்ட் பாலம், மெமோரியல் பாலம், 14வது தெரு பாலம் எல்லாம் மூடிட்டாங்களே, உன் வொய்ஃப் நாளைக்கு எப்படி வேலைக்குப் போவாங்க, எனக்கு சுத்து வழி எல்லாம் தெரியும், வேணும்னா கொண்டு போய் விடறேன்னாரு. நான் யோசிக்கவே இல்ல. "அவளுக்கு நாளைக்கு லீவு"ன்னுட்டேன். குட், குட், சேஃப்பா இருங்கன்னு போயிட்டாரு.

20ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி இவ ஆஸ்பத்திரி குடுத்த லெட்டரையும் ஐடியையும் எடுத்துக்கிட்டு சுத்து வழியா தானே ஓட்டிட்டுப் போனா. நான் வீட்ல டிவி முன்னாடி. பனி லேசா தூவி நின்னுச்சு. மாலு முழுக்க ஆளுங்களுக்குப் பதிலா ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மியா கொடி நட்டு வச்சிருந்தாங்க, காத்துல எல்லாம் ஒரே பக்கமா ஆடுது, அழகாத்தான் இருந்துச்சு, ஆனா அதே எடத்துல மிக்சர் தின்னவனுக்கு அதைப் பாக்க முடியல. துணை ஜனாதிபதியா பதவியேத்த கமலா ஹாரிஸுக்காக இங்கயும் இந்தியாலயும் ஆயிரக்கணக்கான பேரு சின்னச் சின்ன கோலமா போட்டு அனுப்பி, எல்லாத்தையும் சேத்து ஒரே பெரிய கோலமா வைக்கிறதா இருந்தாங்க, பந்தோபஸ்துல அதுவும் வீடியோவா சுருங்கிப் போச்சு. வாசல்ல போடற கோலத்தை ஸ்க்ரீன்ல போட்டாச்சு. அங்க மன்னார்குடி பக்கம் கமலாவோட தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துல பேனர் கட்டி, கோயில்ல பூசை போட்டு, வெடி வெடிச்சு, முறுக்கு குடுத்துட்டு இருக்காங்க, அம்மா அதைப் பாத்துட்டு "இங்க எவ்ளோ ஜோரா இருக்கு பாரு, உங்க ஊர்ல என்னடா எழவு வீடு மாதிரி இருக்கு"ன்னாங்க. கமலா கையத் தூக்கி உறுதிமொழி எடுத்த அந்த ஒரு நிமிஷம் மட்டும் நானும் அம்மாவும் போன்ல பேசாம இருந்தோம். மத்தபடி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் போட்டுட்டு வந்த கம்பளிக் கையுறையைத் தவிர வேற எதையும் நான் ரசிச்சுப் பாக்கல, எந்நேரமும் ஸ்க்ரீனோட ஓரத்தையே பாத்துட்டு இருந்தேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு இவ வந்தா. யூனிஃபார்ம், கழுத்துல ஐடி கார்டு. அவரு அந்த நேரம் பாத்து வெளில நாயோட நிக்கறாரு. இவ கையாட்டினா, அவரும் கையாட்டினாரு, அப்புறம் வாசல்ல நின்ன என்னை ஒரு தடவை பாத்தாரு. கோவம்லாம் இல்ல. சும்மா பாத்தாரு.

உள்ள வந்து இவகிட்ட சொன்னேன். "அந்த மனுஷன்கிட்ட எதுக்குங்க பொய் சொன்னீங்க?"ன்னா. தெரியலன்னேன். நாளைக்கு வடை போட்டு எடுத்துட்டுப் போய்க் குடுங்கன்னா. மூணு நாளாச்சு, மாவு ஃப்ரிட்ஜ்லயே இருக்கு.